ஆங்கில ஆசிரியர் மல்லார்மே

பிரெஞ்சு மொழியின் மிகக் கடினமான கவிஞர் என்று பெயர் பெற்ற ஸ்தெஃபான் மல்லார்மே, முப்பது ஆண்டுக் காலம் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்து ஊதியம் பெற்று வாழ்ந்தவர். தமிழில் அவரைப் பற்றி எழுதுவோர் பலரும் இச்செய்தியை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுவர். குறியீட்டியத்தின் தலைமகன், வெற்றுத்தாளின் வெண்மையையும் கவிதையின் உறுப்பாக்கியவர் என்னும் சிறப்புகளே முன்னிற்கும். ஆயின் பிரெஞ்சு மாணவர்கள் ஆங்கிலச் சொல்வளத்தை ஆழ்ந்து கற்பதற்கென்றே அவர் இயற்றிய பாடநூல் ஒன்று உண்டு. 1877-ஆம் ஆண்டிட்டு வெளிவந்த அந்நூலுக்கு 'ஆங்கிலச் சொற்கள்' என்று பெயர். தம் நூல் என்று சொல்லிக்கொள்ளவும் அவர் கூச்சப்பட்ட நூல் அது. அவருடைய கவிதைக்குள் நுழைய விரும்புவோர்க்கு அதைவிட நல்ல வாயில் இல்லை என்று துணிந்து கூறலாம்.

அந்நூல் எதற்குத் தேவைப்பட்டது என்பதை ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தினர்க்கு விளக்குதல் எளிது. 2000-இல் ஸ்ரீபெரும்புதூரில் சான் கோபான் கண்ணாடித் தொழிற்சாலையும், 2010-இல் ஓரகடத்தில் ரெனோ–நிசான் கார்த் தொழிற்சாலையும் தொடங்கப்பெற்ற பின், பிரெஞ்சு பேசும் பொறியாளர்கள் இப்பக்கம் வந்து செல்வது புதுமையன்று. அவர்களும் தமிழ்ப் பொறியாளர்களும் இருவர்க்கும் தாய்மொழி அல்லாத ஆங்கிலத்திலேயே பேசிக்கொள்ள வேண்டியிருக்கிறது. உண், உறங்கு, நட என்பன போன்ற எளிய சொற்களைப் பிரெஞ்சுக்காரர் புதிதாகக் கற்றுக்கொள்கிறார். அவற்றில் பிழை நேர்வது குறைவு. இடர்ப்பாடு உயர்ந்த சொற்களில்தான். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றதற்குப் பின், அரசவை, நீதிமன்றம், சமையற்கூடம் முதலியவற்றின் வழியாகப் பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துள் வெள்ளமெனப் புகுந்தன. எனவே ஆங்கில ஏட்டைத் திறக்கும் பிரெஞ்சுக்காரர்க்குப் பக்கந்தோறும் உறவினர் முகம் தெரிகிறது. அந்த உறவினர் பலர் குணம் மாறிப் போனவர்கள். பிரெஞ்சில் 'லிப்ரேரி' என்றால் புத்தகக் கடை. ஆங்கிலத்தில் 'லைப்ரரி' நூலகம். பிரெஞ்சில் 'எவாந்துயெல்மான்' என்பது ஒருவேளை நிகழலாம் என்று பொருள்படும். அதன் உடன்பிறப்பான ஆங்கில 'ஈவன்சுவலி'யோ, முடிவில் நிகழ்ந்தே தீரும் என்று உறுதி கூறும். ஒரு பொருள் என்று வந்து சேரும் என்பதைப் பற்றிப் பேசும்போது இவ்வேறுபாடு எத்தகைய குழப்பத்தை விளைவிக்கும் என்பதைத் தொழிற்சாலையில் பணியாற்றுவோர் அறிவர். நமக்கும் இது புதிதன்று. 'அவசரம்' என்னும் சொல் தமிழில் விரைவைக் குறிக்க, இந்தியில் வாய்ப்பைக் குறிக்கிறது. 'உபந்நியாசம்' இங்கே சமயச் சொற்பொழிவு, அங்கே நாவல்.

இந்த மாறிய முகங்களுக்கிடையே வழிகாட்ட முன்வந்தவர் 1842 மார்ச் 18-ஆம் நாள் பாரிசில் பிறந்தார். தந்தை வழியிலும் தாய் வழியிலும் முன்னோர் அரசின் பதிவுத்துறை அலுவலர்கள். ஐந்து வயதில் தாயை இழந்த மல்லார்மே, தாய்வழிப் பாட்டன் பாட்டியின் அரவணைப்பிலும் விடுதிப் பள்ளிகளிலும் வளர்ந்தார். பதினைந்தாம் வயதில் தங்கை மரியாவும் மறைந்தாள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் குடும்ப வழக்கப்படி சான்ஸ் நகரப் பதிவு அலுவலகத்தில் பயிற்சி எழுத்தராக அமர்த்தப்பட்டார். பத்திரங்களின் நடுவே அவர் உள்ளம் தரிக்கவில்லை. அக்காலத்தில் போதலேரின் மொழிபெயர்ப்பு வழியாக எட்கர் ஆலன் போவை அறிந்த அவர், அந்த அமெரிக்கக் கவிஞரை மூலத்தில் படித்தே தீர வேண்டுமென்று ஆங்கிலம் கற்கத் தொடங்கினார். பின்னாளில் வெர்லேனுக்கு எழுதிய தன்வரலாற்றுக் கடிதமொன்றில் இக்காரணத்தையே அவர் தெரிவிக்கிறார். வேலைக்காக ஆங்கிலம் கற்றுப் பின் கவிதைக்கு வந்தவர் நம்மிடையே பலர். கவிதைக்காக ஆங்கிலம் கற்றுப் பின் அதையே வேலையாக்கிக்கொள்ள நேர்ந்தவர் அவர்.

1862 நவம்பரில் இருபது வயது இளைஞராக இலண்டனுக்குச் சென்றார். உடன் சென்றவர் மரி கெர்ஹார்ட் என்னும் செருமானியப் பெண். அவரைவிட ஏழு வயது மூத்தவர். சான்ஸில் ஒரு குடும்பத்தில் பிள்ளைகளைப் பேணும் ஆசிரியையாக இருந்தவர். மூடுபனியும் வறுமையும் சூழ்ந்த அந்த மாதங்களில் இருவரும் பிரிந்தும் கூடியும் பட்ட துன்பம் சிறிதன்று. 1863 ஆகஸ்டில் இலண்டனிலேயே திருமணம் நிகழ்ந்தது. அடுத்த மாதம் ஆங்கிலம் கற்பிக்கும் தகுதிச் சான்று கிடைத்தது. ஆண்டு முடியும் முன்பே, ரோன் ஆற்றங்கரையிலுள்ள தூர்னோன் என்னும் சிற்றூர்ப் பள்ளியில் வேலையும் கிடைத்தது.

தூர்னோன் அவர்க்குச் சிறிதும் பிடிக்கவில்லை. ஓயாத காற்று, நெருங்கிப் பேச ஆளில்லாத ஊர், அடங்காத மாணவர்கள். பகலெல்லாம் வகுப்பறையில் குரல் தேய்ந்து, இரவில் விளக்கடியில் 'ஏரோதியாத்' என்னும் நாடகக் கவிதையை எழுதினார். 1864 நவம்பரில் மகள் ழெனெவியேவ் பிறந்தாள். பொருளை அப்படியே வருணிப்பதை விட்டு, அது உள்ளத்தில் எழுப்பும் விளைவைத் தீட்ட வேண்டும் என்னும் கொள்கையை நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவர் வகுத்துரைத்தது அந்த ஆண்டில்தான். பின்னர் ஓராண்டு பெசான்சோனிலும், அதன்பின் அவிஞோனிலும் பணி. அவிஞோனில் இருந்தபோது மொழியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய எண்ணி, விடுப்பெடுத்து, மொழி பற்றிய குறிப்புகளும் எழுதினார். ஆய்வு நிறைவேறவில்லை. நிறைவேறாத ஆய்வேட்டின் குறிப்புகள் வேறொரு வடிவில் முளைத்தெழுவது கல்வியுலகில் அரிதன்று. மல்லார்மேயிடம் அவை ஒரு பள்ளிப் பாடநூலாக முளைத்தன.

1871-இல் மகன் அனத்தோல் பிறந்தான். அவ்வாண்டே குடும்பம் பாரிசுக்குப் பெயர்ந்தது. பின்னர்க் கோந்தோர்செ என்று பெயர் பெற்ற பள்ளியில் ஆங்கில ஆசிரியர் பதவி. ஊதியம் குடும்பத்துக்குப் போதவில்லை. போவின் 'காக்கை'யைப் பிரெஞ்சு உரைநடையாக்கி, ஓவியர் மனேயின் படங்களோடு 1875-இல் வெளியிட்டார். இன்று அதன் ஒரு படியைக் காட்சிப் பெட்டியில் வைக்கிறார்கள், அன்று வாங்குவாரில்லை. 1874-இல் பெண்டிர் ஆடையணி பற்றிய இதழொன்றைப் பல புனைபெயர்களில் தாமே எழுதி நடத்தினார். எட்டு இதழ்களோடு அது அவர் கையைவிட்டுப் போயிற்று. இந்த நெருக்கடியில் மேற்கொண்ட பணிகளுள் ஒன்றே 'ஆங்கிலச் சொற்கள்'. வெர்லேனுக்கு எழுதிய அதே கடிதத்தில், பணமுடை நேர்ந்தபோதும், செலவு மிகுந்த படகு வாங்கும் ஆசை எழுந்தபோதும் செய்த வேலைகள் என்று இந்நூலையும் பழந்தெய்வங்கள் பற்றிய மற்றொரு நூலையும் குறிப்பிட்டு, அவற்றைப் பற்றிப் பேசாதிருத்தலே தகும் என்று ஒதுக்கிவிடுகிறார்.

அவர் ஒதுக்கியதை நாம் ஒதுக்க வேண்டியதில்லை. ஆங்கில அகராதி முழுவதையும் மனப்பாடம் செய்ய எந்த மாணவனாலும் இயலாது. அகரவரிசையில் அடுக்கிய சொற்களுக்குள் அகரவரிசை தவிர வேறு உறவில்லை. உறவில்லாதவை நினைவில் தங்குவதில்லை. ஆகவே சொற்களை முதலில் பிறப்பால் பிரித்தார்: ஆங்கிலோ-சாக்சன் என்னும் மண்ணின் சொற்கள், பிரெஞ்சு வழி வந்த சொற்கள், இலத்தீன் கிரேக்கம் முதலிய பிற மொழிகளிலிருந்து வந்தவை. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று செய்யுட்குரிய சொற்களை நான்காக வகுத்த தொல்காப்பியரின் மாணாக்கர்க்கு இம்முறை அயலாகத் தோன்றாது. பிரெஞ்சு வழிச் சொற்களைக் காட்டும்போது, பிரெஞ்சு மாணவன் தன் வீட்டுப் பொருளையே அடுத்த வீட்டில் காண்பதுபோல் உணர்வான். எது எப்படி உருமாறியது என்று மட்டும் அவனுக்குச் சொன்னால் போதும். கொட்டிலில் நிற்கும் மாட்டுக்குச் சாக்சன் பெயரும், தட்டில் வரும் இறைச்சிக்குப் பிரெஞ்சுப் பெயரும் ஆங்கிலத்தில் வழங்குவது எல்லாரும் அறிந்த எடுத்துக்காட்டு. மேய்த்தவன் மொழி ஒன்று; உண்டவன் மொழி மற்றொன்று.

நூலின் உயிர் மண்ணின் சொற்களைப் பற்றிய பகுதியில் இருக்கிறது. அங்கே மல்லார்மே சொற்களைக் குடும்பம் குடும்பமாக அடுக்கி, ஒவ்வொரு குடும்பத்தையும் அதன் முதல் மெய்யொலியின்கீழ் நிறுத்துகிறார். பிறகு அந்த ஒலிக்கு ஒரு குணமும் கூறுகிறார். 'ப' ஒலியில் பிறப்பு, வளம், பருமன், வளைவு ஆகியவை மறைவாகத் தொடர்புற்று நிற்கின்றன. 'ட' ஒலியில் தோண்டுதல், மூழ்குதல், சொட்டுதல், இருளுதல் போன்ற கனத்த செயல்கள் கூடுகின்றன. 'ஸ்ட' என்று தொடங்குவன உறுதியும் நிலைபேறும் உடையன: நிற்றலைக் குறிக்கும் 'ஸ்டாண்ட்', கல்லைக் குறிக்கும் 'ஸ்டோன்'. 'ஸ்ன' என்று தொடங்குவனவற்றில் ஒரு தீமை நெளிகிறது: பாம்பாகிய 'ஸ்னேக்', கண்ணியாகிய 'ஸ்னேர்', ஏளன நகையாகிய 'ஸ்னீர்'. இத்தகைய பகுதிகளில் பாடநூலாசிரியர் சற்றே விலகிக் கவிஞர் எட்டிப் பார்க்கிறார்.

அறிவியல் நோக்கில் இவை நில்லா. 'ஸ்ட' ஒலியில் தொடங்கும் 'ஸ்டாகர்' தள்ளாடுதலையும் 'ஸ்டம்பிள்' தடுக்கி விழுதலையும் குறிக்கின்றன. அவற்றில் நிலைபேறு ஏது? 'ஸ்ன' ஒலியில் தொடங்கும் பனியாகிய 'ஸ்னோ'வில் என்ன தீமை? சொல்லின் ஒலிக்கும் பொருளுக்கும் இயற்கையான தொடர்பில்லை, வழக்கமே அவற்றைப் பிணைக்கிறது என்பது, 1916-இல் வெளிவந்த சொசூரின் விரிவுரை நூலுக்குப் பின் மொழியியலின் அடிப்படைப் பாடமாயிற்று. ஆனால் கற்பவனுடைய நினைவுக்கு இம்முறை பெருந்துணையாகும் என்பதையும் மறுக்க இயலாது. தமிழில் சுருள், சுருங்கு, சுருட்டு, சுருக்கம் என்று ஒருங்கே காணும் மாணவன் அவற்றுள் ஒன்றை அறிந்தாலும் மற்றவற்றை ஊகிப்பான். இவ்வழியைத் தம் வாழ்நாள் தவமாகக் கொண்டவர் தேவநேயப் பாவாணர். வேர்ச்சொல் ஆய்வில் அவர் முடிவுகளை ஏற்காதோரும் சொற்குடும்பங்களைக் காணும் அவர் கண்ணை வியப்பர்.

இவ்விடத்தில் தொல்காப்பிய உரியியலை எண்ணிப் பார்த்தல் தகும். எளிதில் விளங்கும் சொற்களை விளக்க வேண்டியதில்லை, விளங்காதவற்றை மட்டுமே எடுத்துரைக்க வேண்டும் என்று அவ்வியல் தன் எல்லையை வகுத்துக்கொள்கிறது. இன்றைய வழக்கில் சொன்னால், உயர்நிலைச் சொல்வளத்துக்கான பாடம் அது. இசை, குறிப்பு, பண்பு என்பவற்றிலிருந்து உரிச்சொல் தோன்றுவதாகவும் அது கூறுகிறது. பொருளுக்கும் சொல்லுக்கும் இடையிலான காரணம் பார்த்தவுடன் புலப்படாது என்றும் அவ்வியலிலேயே ஒரு நூற்பா உண்டு. காரணம் இல்லை என்று தொல்காப்பியர் சொல்லவில்லை, உடனே தோன்றாது என்றே சொன்னார் எனச் சுட்டுவோர் உளர். அந்தத் தோன்றாக் காரணத்தைத் தேடியவராக மல்லார்மேயைக் காணலாம்.

நூல் வெளிவந்த 1877-இல், கல்கத்தாவில் இருபத்தொரு வயதில் ஒரு பெண் மறைந்தாள். பிரெஞ்சுக் கவிதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்து அதற்கு முந்திய ஆண்டில் வெளியிட்டிருந்த தோரு தத் அவள். அவளுடைய நூலை இங்கிலாந்தில் முதலில் போற்றி எழுதிய எட்மண்ட் காஸ், மல்லார்மேயோடும் கடிதத் தொடர்பு உடையவர். ஒரே ஆண்டில் ஒருவர் பாரிசிலிருந்து ஆங்கிலத்தை நோக்கியும், மற்றவர் வங்கத்திலிருந்து பிரெஞ்சை நோக்கியும் கட்டிய பாலங்கள் அவை. ஒருவரை ஒருவர் அறிந்திருந்ததாகத் தெரியவில்லை.

வகுப்பறையில் மல்லார்மே வெற்றி பெறவில்லை என்பதை மறைப்பதற்கில்லை. மாணவர்கள் கேலி செய்தனர். இரைச்சலை அடக்க அவரால் முடியவில்லை. கல்வித்துறை ஆய்வாளர்களின் அறிக்கைகள் கடுமையானவை. ஆங்கிலம் கற்பிக்கும் பதவியில் நீடிப்பதானால் இவர் முதலில் ஆங்கிலத்தைக் கற்றுக்கொள்ளட்டும் என்னும் பொருள்பட ஒருவர் எழுதினார். ஆங்கிலக் குழந்தைகள் பாடும் பொருளற்ற பாடல்களை அவர் மாணவர்க்குப் பாடமாக்கியதைக் கண்டு வெகுண்ட ஆய்வாளரும் உண்டு. ஆயினும் ஒரு மொழியின் ஒலி முதலில் நாவில் படிய வேண்டும், பொருள் பின்னால் வரும் என்று எண்ணிய ஆசிரியர்க்குத் தாலாட்டும் விளையாட்டுப் பாட்டும் அன்றி வேறெது பொருத்தமான பாடம்? இவ்வகையில் ஆய்வாளர்களின் தீர்ப்பு முழுமையான நீதி என்று கொள்வதற்கில்லை. ஆனால் அதே வகுப்பில் அமர்ந்து தேர்வுக்கு ஆயத்தமாக வேண்டியிருந்த பிள்ளைகளின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது.

1879 அக்டோபர் 8-ஆம் நாள், நீண்ட நோய்க்குப் பின் அனத்தோல் எட்டு வயதில் இறந்தான். மகனுக்கொரு நினைவுக் கவிதை எழுத முனைந்த தந்தை, ஏறத்தாழ இருநூறு தாள்களில் துண்டு துண்டாகச் சொற்களை எழுதி வைத்தார். கவிதை உருவாகவில்லை. எத்தனை சொற்குடும்பங்களை அறிந்திருந்தும் அந்த ஒரு துயரத்துக்குரிய வாக்கியம் அவர்க்கு வாய்க்கவில்லை. அத்தாள்கள் 1961-இல்தான் நூலாயின. படிப்போர் அவற்றை வேகமாகப் புரட்ட மாட்டார்கள்.

எண்பதுகளில் ரோம் தெருவிலிருந்த அவர் வீட்டுச் சிறு உணவறை, செவ்வாய்க்கிழமை மாலைகளில் இலக்கிய வட்டமாயிற்று. மேசைமீது புகையிலைக் கிண்ணம். வந்தோர் தாமே சுருட்டிப் புகைப்பர். அடுப்பருகே நின்றபடி மல்லார்மே மெல்லிய குரலில் பேசுவார். அந்தக் குறுகிய அறைக்கு வந்தவர்களுள் வலேரி, ழீத், க்ளோதெல், இசையமைப்பாளர் தெபுசி, ஓவியர் விசுலர், ஆஸ்கர் வைல்டு ஆகியோர் அடங்குவர். பள்ளியில் கூச்சலிடையே கேட்காமற்போன அதே குரலை இங்கே மூச்சடக்கிக் கேட்டனர். மறுநாள் காலை அவர் மீண்டும் வகுப்புக்குச் செல்ல வேண்டும். இரவுப் பணி முடித்துக் கவியரங்குக்கு வந்து, கண்ணெரிச்சலோடு கவிதை படித்துச் செல்லும் ஓரகடத்துக் கவிஞர்களுக்கு இந்த வாழ்க்கையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

1893-இல் பணி ஓய்வு கிடைத்தது. மறு ஆண்டு மார்ச்சில் ஆக்சுபோர்டும் கேம்பிரிட்சும் அவரை அழைத்தன. முப்பதாண்டு ஆங்கில ஆசிரியர் ஆங்கில நாட்டின் இரு பெரும் பல்கலைக்கழகங்களில் உரையாற்றினார்; பிரெஞ்சு மொழியில். இது குறித்து நகைத்தோர் இருந்திருப்பர். ஆனால் ஒரு மொழியின் சொற்களை நுணுகி அறிதல் வேறு, அதில் சரளமாகப் பேசுதல் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேடுதல் அரிது.

இக்காலத்தில் அவர் எழுதிய கட்டுரையொன்றில் பழைய பாடநூலின் எண்ணம் திரும்பி வருகிறது, ஆயின் துயரத்தோடு. பிரெஞ்சில் பகலைக் குறிக்கும் 'ழூர்' இருண்ட ஒலியுடையது. இரவைக் குறிக்கும் 'நுயி' ஒளி பொருந்திய ஒலியுடையது. மொழி இப்படிப் பிறழ்ந்து கிடக்கிறதே என்று வருந்துகிறார். மொழிகள் பலவாய் இருப்பதே அவை குறையுடையன என்பதற்கு அடையாளம் என்கிறார். சொற்கள் தம் பொருளைத் தாமே ஒலித்திருந்தால் செய்யுளுக்குத் தேவையே இருந்திராது. அக்குறையை ஈடுசெய்யவே செய்யுள் பிறந்தது என்பது அவர் முடிவு. 1877-இல் ஆங்கிலச் சொற்களில் ஒலியும் பொருளும் ஒத்திருப்பதாகக் கண்டவர், தம் தாய்மொழியில் அவை ஒவ்வாமையைக் கண்டார். பிறர் மொழியில் இசைவையும் தன் மொழியில் குறையையும் காண்பது மொழி கற்பார்க்கெல்லாம் நேரும் மயக்கம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த மயக்கத்திலிருந்து ஒரு கவிதைக் கொள்கையை எடுத்தவர் அவர் ஒருவரே. அக்கொள்கையின் எல்லையில் நிற்பது, சொற்களைத் தாளெங்கும் சிதறவிட்டு 1897-இல் வெளிவந்த 'பகடை வீச்சு'.

1898 செப்டம்பர் 9-ஆம் நாள், சேன் ஆற்றங்கரையில் வால்வேன் என்னும் ஊரில், தொண்டைக் குழல் இறுகும் திடீர் நோயால் ஐம்பத்தாறு வயதில் மல்லார்மே காலமானார். முந்திய இரவு மனைவிக்கும் மகளுக்கும் ஒரு குறிப்பு எழுதி, தம் தாள்களை எரித்துவிடும்படி கேட்டிருந்தார். அவர்கள் எரிக்கவில்லை. பிரெஞ்சு மாணவர் மொழிபெயர்த்துப் பழகுவதற்கென அவர் தொகுத்த ஆங்கிலப் பழமொழிகளும் மரபுத்தொடர்களும் 1937-இல் அச்சேறின. ஆய்வாளரின் சினத்துக்குள்ளான வகையைச் சேர்ந்த குழந்தைப் பாடல்கள், அவருடைய விளக்கங்களோடு 1964-இல் தனி நூலாக வெளிவந்தன.